நாலு விரற்கடைத் தண்ணீர்

என் போனில் ஒரே பாறையின் படங்கள் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு படம். பாறையில் ஒரு குழி, குழியில் கொஞ்சம் தண்ணீர், தண்ணீருக்குள் நட்டு வைத்த வெள்ளைப் பட்டை, பட்டையில் கறுப்புக் கோடுகள். அவ்வளவுதான். ஒருநாள் போனில் இடம் தீர்ந்துவிட்டது என்று அது நச்சரித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"கல்யாணப் போட்டோ ஒண்ணுங்கூட இல்ல. கல்லப் போயி இம்புட்டு எடுத்து வச்சிருக்கே" என்றார். அழித்துவிடவா என்று விரலை வேறு கொண்டுபோனார். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். பெற்ற தகப்பனிடம் அப்படிப் பிடுங்கியிருக்கக் கூடாது. கோபம் வந்தால் எனக்கு முன்னே பின்னே தெரியாது. அந்தக் கோபத்தைப் பற்றியும்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. மடவார் வளாகம் போகிற வழியில் அத்தாவுக்குப் பாத்திரக் கடை. விலங்கியலில் மேல்படிப்பு முடித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு மலையில் ஆய்வு செய்ய வந்த ஒரு திட்டத்தில் கள உதவியாளர் வேலை கிடைத்தது. தெருவில் எல்லோரும் நான் அணில் எண்ணப் போவதாகச் சொல்லிக்கொண்டார்கள். எங்கள் மலையின் நரை அணில் அவ்வளவு பேர் பெற்றது. எதிர்வீட்டுப் பெரியம்மா மட்டும், "எண்ணி?" என்று கேட்டாள். எண்ணி என்ன செய்வீர்கள் என்று அர்த்தம். அன்றைக்கு அவளிடம் கால் மணி நேரம் விளக்கம் சொன்னேன். இன்றைக்குக் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

உண்மையில் நாங்கள் எண்ணியது அணிலை அல்ல, தண்ணீரை. கோடையில் மலையில் எந்தெந்தச் சுனை வற்றுகிறது, எது நிற்கிறது, எந்த விலங்கு எங்கே வந்து குடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்து ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். வற்றுகிற சுனைக்குப் பக்கத்தில் வனத்துறையார் சோலார் மோட்டாரோடு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டித் தருவார்கள். வற்றாத சுனைக்குத் தொட்டி கிடையாது. எல்லா இடத்திலும் கட்டப் பணம் இல்லை. அதனால் எங்கள் பட்டியல் சொன்னால்தான் தொட்டி.

என் பொறுப்பில் வந்த சுனை ராஜபாளையத்துக்கு மேற்கே, மாந்தோப்புகளைத் தாண்டி ஏற வேண்டும். அய்யனார் கோவிலுக்குப் போகிற கூட்டம் அந்தப் பக்கம் வராது. தோப்பு வேலி முடிகிற இடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஏறினால் மூன்று பாறை சேர்கிற இடுக்கில் சுனை. ஒரு மாட்டுத் தொட்டி அளவுதான் இருக்கும். பாறையின் வெடிப்பிலிருந்து ஊறி ஊறி நிறையும்.

தினமும் காலையில் ஏறிப் போய் அளவு பார்க்க ஆள் வேண்டியிருந்தது. தோப்புக் காவலுக்கு இருந்த ஒருவரைக் காட்டினார்கள். ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி. மேல்சட்டை போட மாட்டார், தோளில் ஒரு துண்டு. கான்சாபுரத்தில் பிறந்து, பெண் எடுத்த வகையில் ராஜபாளையம் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தவர். நோட்டும் பேனாவுமாக ஒரு பெண் வந்து நின்றால் அவருக்கு அது டீச்சர்தான். கடைசிவரை என்னை வேறு மாதிரி கூப்பிடவில்லை. நான் அவரை அண்ணே என்பேன். அவர் மனைவியை மதினி என்பேன்.

முதல் நாள் சுனையைப் பார்க்கப் போகும்போதே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. தோப்புப் பாதையோரம் ஒரு பழைய கல்தொட்டி, ஆடு மாடு குடிக்கிறதுக்கு. காய்ந்து கிடந்தது. அண்ணன் என் பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, தோப்பு மோட்டாரில் குடம் பிடித்து வந்து ஊற்ற ஆரம்பித்தார். ஒரு குடம், இரண்டு குடம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"நேரமாகுதுண்ணே. தோப்புக்காரங்க ஊத்திக்கிட மாட்டாங்களா?" என்றேன்.

"செத்த நேரம் பொறுங்க, டீச்சர். எங்க ஊருப் பக்கம் ஒரு மொற இருக்கு. காஞ்ச தொட்டிய எவன் மொதல்ல பாக்கானோ, அவன் ஊத்திட்டுத்தான் தாண்டணும். பாத்துட்டுச் சும்மா போனா அவன் வீட்டுப் பானையில தண்ணி நிக்காதும்பாவ."

"நான் பாக்கல. நீங்கதான் பாத்திய" என்றேன் கடுப்போடு.

"அதான் நான் ஊத்துதேன்" என்றார்.

எனக்கு இது புதிதும் அல்ல. அத்தா கடை வாசலில் மண்பானை ஒன்று இருக்கும். வழிப்போக்கர்கள் குடிக்க. கடையை அடைக்கும்போது பானை காலியாக இருந்தால் அத்தாவுக்குக் கை ஓடாது. நிறைத்துவிட்டுத்தான் ஷட்டரை இழுப்பார். அவ்வளவு தெரிந்த எனக்கு அன்றைக்கே புத்தியில் உறைத்திருக்க வேண்டும். படித்தவள் இல்லையா, உறைக்கவில்லை.

சுனையில் அளவுப் பட்டையை நட்டோம். தினமும் விடிந்ததும் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். எதிரே மரத்தில் விலங்குகளைப் படம் பிடிக்கிற கேமராவைக் கட்டினேன். அதன் முன்னால் எது அசைந்தாலும் தானே எடுத்துக்கொள்ளும்.

"அண்ணே, கேமராவுக்கு முன்னால மட்டும் அடிக்கடி போகாதீங்க. மனுசன் விழுந்தா படம் கெட்டுரும்" என்றேன்.

"சரி, டீச்சர்."

நான் ஒரு தாளும் தயார் செய்திருந்தேன். தேதி, நேரம், தண்ணீர் அளவு, மேகம், கால்தடம், எச்சம். எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தேன். பெரிய சார் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு ஒழுங்கு இருக்கிறது என்றார். பெரிய சார் என்றால் திட்டத்தின் தலைவர், வெளியூர்க்காரர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அவர் வாயால் நல்ல பேர் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற காரியம். நான் வாங்கினேன்.

சித்திரை பிறந்தது. மற்றவர்கள் பொறுப்பில் இருந்த சுனைகள் ஒவ்வொன்றாக வற்றின. என்னுடையது ஒரு விரற்கடை வரை இறங்கிவிட்டு, திரும்ப ஏறி நாலு விரற்கடையில் வந்து நின்றது; வெடிப்பில் ஊறுகிறது என்று எழுதிக்கொண்டேன். பட்டையில் சென்டிமீட்டர் கோடுகள் இருந்தாலும் அண்ணனுக்குக் கணக்கு விரற்கடைதான், ஒரு விரலின் அகலம். போட்டோவுக்குக் கீழே குரலில் சொல்லி அனுப்புவார்: "டீச்சர், நாலு வெரக்கட." மறுநாளும் நாலு. சில நாள் மூன்று. திரும்ப நாலு. கத்திரி வெயில் கொளுத்துகிறது, மலை பொட்டலாகிவிட்டது, என் சுனை மட்டும் நாலை விட்டு இறங்கவில்லை. கேமராவில் மிளா மான், கேளையாடு, கரடி, செந்நாய் எல்லாம் வரிசையாக வந்து குடித்தன. ஒரு தாய்மிளா குட்டியோடு தினமும் வந்தது. அதன் இடது காது கிழிந்திருக்கும். அதற்கு நான் தனியாக ஒரு கோப்பே வைத்திருந்தேன்.

ஒரு விஷயம்தான் எரிச்சலாக இருந்தது. சில போட்டோக்களின் ஓரத்தில் நீலமாக என்னவோ தெரிந்தது. பிளாஸ்டிக். கோவிலுக்கு வருகிறவர்கள் இங்கேயும் வந்து குப்பை போடுகிறார்கள் என்று எனக்கு உச்சிக்கு ஏறியது.

"அந்த நீலக் குப்பையப் பொறக்கிப் போடுங்கண்ணே" என்று போனில் கத்தினேன்.

"சரி, டீச்சர்" என்றார். இரண்டு நாள் படத்தில் இல்லை. மூன்றாம் நாள் வேறொரு ஓரத்தில் இருந்தது. மனிதர்களின் பொறுப்பின்மை பற்றி அறிக்கையில் அரைப் பக்கம் எழுதினேன்.

பெரிய சாருக்கு வாயெல்லாம் பல். வற்றாத சுனை என்று படம் போட்டுக் காட்டி ஊர் ஊராகப் பேசினார். அந்த வருடப் பட்டியலை என்னைத்தான் எழுதச் சொன்னார். என் சுனைக்கு நேரே, "ஆண்டு முழுவதும் நீர் உண்டு, தொட்டி தேவையில்லை" என்று நானே எழுதினேன். எழுதிவிட்டு அத்தா கடைக்குப் போய்ப் பெருமை அடித்துக்கொண்டது வேறு.

இரண்டாவது கோடையில், ஒரு வெள்ளிக்கிழமை. கேமரா பேட்டரி தீர்ந்துவிட்டது என்று தோன்றியது. வழக்கமாகக் காலையில்தான் ஏறுவேன், அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன். அன்று வீட்டில் மதியத் தொழுகை முடித்து, சாப்பிட்டுவிட்டு, சொல்லாமல் கிளம்பினேன். வெயில் தாழ்ந்திருந்தது. பாதி ஏற்றத்தில், பாறை திரும்புகிற இடத்தில் முன்னால் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். தலையில் சும்மாடு கட்டி இருபது லிட்டர் தண்ணீர் கேன், கையில் இன்னொரு சின்னக் கேன். பின்னங்கால் நரம்பெல்லாம் கயிறாகப் புடைத்திருந்தது. தலையில் இருந்த கேனின் மூடி நீலம்.

"என்னண்ணே இது?"

திரும்பினார். திருடி மாட்டிக்கொண்ட முகம் இல்லை. சும்மாட்டைச் சரி செய்துகொண்டார். "தண்ணி" என்றார்.

"தண்ணின்னு தெரியுது. எங்க கொண்டு போறிய?"

"சுனைக்குத்தான்."

"எம்புட்டு நாளா?"

"போன சித்திரையிலேருந்து. மழ பெஞ்ச பொறவு விட்டுட்டேன். இப்ப மாசியிலேருந்து திரும்ப."

பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கேனை இறக்கி வைத்துவிட்டு எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அதைத் தட்டிவிட்டேன்.

"ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க கேக்கலையே, டீச்சர். தண்ணி எம்புட்டு நிக்குன்னு கேட்டிய. அத ஒரு நா கூட மாத்திச் சொல்லல. சாயங்காலம் ஊத்துவேன், அதுக குடிச்சது போக விடியக்காலம் எம்புட்டுக் கெடக்கோ அதத்தான் படம் எடுத்து அனுப்புனேன்."

அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. என் தாளில் மேகத்துக்குக் கட்டம் இருந்தது, புழுக்கைக்குக் கட்டம் இருந்தது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒரு கட்டம் இல்லை.

"ஊத்துத நேரம் கேமராவுல ஏன் நீங்க ஒரு தடவ கூட விழல?"

"நீங்கதானே மனுசன் விழுந்தா படம் கெட்டுரும்னிய. பின்னால பாறை வழியா இறங்கி ஊத்திட்டு அப்படியே ஏறிருவேன். காலிக் கேன அங்கனயே போட்டுட்டு, காலையில எறக்கிருவேன்."

அந்தப் பின்பக்கப் பாறையில் வெறுங்கையோடு இறங்கவே நான் உட்கார்ந்து உட்கார்ந்துதான் நகருவேன். என் படம் கெட்டுவிடக் கூடாதே என்று ஒரு மனிதர் கேனோடு அதில் இறங்கியிருக்கிறார். அதை அப்போது நினைத்துப் பார்க்கிற நிதானம் எனக்கு இல்லை.

"ஒங்க புண்ணியத்துக்கு என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியளே" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது. அவர் ஒரு பாறையில் குத்தவைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார்:

"போன வருசம் ஒரு நா விடிய ஏறிப் போறேன். சுனை காஞ்சு கெடக்கு. அந்தக் காது கிழிஞ்ச மிளா குட்டியோட நின்னு ஈரப் பாறைய நக்கிக்கிட்டு இருக்கு. என்னப் பாத்தும் ஓடல. மொதல்ல பாத்தது நான். பொறவு எப்படிச் சும்மா இறங்கி வாரது?"

போனை எடுத்து, போன சித்திரையில் அளவு திடீரென்று ஏறிய நாளின் போட்டோவைத் தேடிப் பார்த்தேன். மூன்று விரற்கடை இருந்தது. காய்ந்து கிடந்ததைப் படம் எடுக்காமல் கீழே போய், தோப்பில் தண்ணீர் பிடித்து, ஏறி வந்து ஊற்றிவிட்டு, பிறகு எடுத்திருக்கிறார். அந்த ஒரு நாள்தான் அவர் எனக்குச் செய்த பிழை.

கோபம் வடிந்ததும் அவருக்கு விவரம் சொன்னேன். இங்கே தண்ணீர் நிற்கிறது என்று நாம் எழுதிவிட்டோம். அதனால் இங்கே தொட்டி வராது. நீங்கள் ஊற்றுகிறவரைக்கும் வராது.

"நான் ஊத்துததாலயா வராது?" என்றார். "எனக்கு என்னிக்கும் ஏற முடியுமா, டீச்சர்? இப்பவே முட்டி பிடிக்கி. தொட்டி வந்துருச்சுன்னா அதுகளுக்கு நல்லதுல்லா."

"வரவைக்கலாம்" என்றேன். "இந்த மாசக் கடைசியில பட்டியல முடிக்காங்க. பத்து நாள் நீங்க ஊத்தாம இருக்கணும். சுனை காயுததத் தெனமும் படம் எடுத்து அனுப்புங்க. அத வச்சு நான் எழுதுதேன்."

"பத்து நா அதுக என்ன குடிக்கும்?"

"காட்டு விலங்குண்ணே. வேற எடம் தேடிப் போயிரும்."

புத்தகத்தில் படித்ததை மலையில் நின்று சொன்னேன். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் இரண்டு கேனையும் தூக்கினார். கொண்டுவந்ததை மட்டும் ஊற்றிவிட்டு வருகிறேன் என்றார். சரி என்றேன்.

மறுநாள் மூன்று விரற்கடை. அதற்கு மறுநாள் ஒன்று. பிறகு ஈரச் சேறு, சேற்றில் குளம்புத் தடம். ஐந்தாம் நாள் பாறை வெளுத்துவிட்டது. எந்தப் படத்திலும் நீலம் இல்லை. அவர் குரலும் இல்லை, படம் மட்டும் வந்தது. ஏழாம் நாள் படத்துக்குக் கீழே குரல் வந்தது: "டீச்சர், காஞ்சது தெரிஞ்சு போச்சுல்லா. இது போதாதா?"

"பத்து நாள்ணே. இன்னும் மூணு நாள்தான்" என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு அம்மா கொடுத்த காபியைக் குடித்தேன்.

எட்டாம் நாள் படம் வரவில்லை. ஒன்பது மணி போல மதினி போன் செய்தாள். விடியற்காலையில் மிளா ஒன்று தண்ணீர் தேடித் தோப்புக்குள் இறங்கி, சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணற்றில் விழுந்திருக்கிறது. மலை ஏறக் கிளம்பிய அண்ணன் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறார். வனக் காவலருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறோம், ஆட்கள் வரட்டும் என்று தோப்பில் இருந்தவர்கள் தடுத்திருக்கிறார்கள். கேட்காமல் கயிற்றைப் பிடித்து இறங்கியிருக்கிறார். கயிற்றை அதன் வயிற்றில் சுற்றும்போது அது உதைத்துவிட்டது. கிணற்றுக்குள் இருந்த கல்படியில் இடுப்பு அடிபட விழுந்திருக்கிறார்.

மிளாவை மேலே தூக்கிவிட்டார்கள். பிழைக்கவில்லை. நான் போனபோது வேப்பமரத்தடியில் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். சாக்கை விலக்கிக் காதைப் பார்த்தேன். பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் மதினி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏழு நாளா அவியளுக்குச் சோறே எறங்கல, டீச்சர். தட்டுல போட்டா பெசைஞ்சுக்கிட்டே இருப்பாவ. என்னன்னு கேட்டா, டீச்சர் ஊத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கன்னாவ. நல்லதுக்குத்தானே சொன்னியன்னு நானும் சொன்னேன்."

உள்ளே அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, அசையாமல் கட்டிப் போட்டிருந்தார்கள். கம்பி வைத்தாலும் இனி மலை ஏறுவது கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நான் நிற்பது தெரிந்து கண்ணைத் திறந்தார்.

"கணக்கு சரியா வந்திருச்சா, டீச்சர்?" என்று கேட்டார்.

வந்துவிட்டது என்றேன். வெளியே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன்.

அன்று சாயங்காலமே பெரிய சாருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. இரண்டு கோடையும் அங்கே ஊற்றிய தண்ணீரே நின்றது, சுனை வற்றக்கூடியது, தொட்டி அவசியம் என்று எழுதி, காய்ந்த பாறையின் படங்களையும் சேர்த்து அனுப்பினேன். அவர் போனில் வந்தார். கோபப்படவில்லை. கோபப்படாதவர்களிடம்தான் எனக்குப் பேசத் தெரியாது.

"இரண்டு கோடைப் பதிவு ஒரு பக்கம், ஏழு நாள் படம் ஒரு பக்கம். எதும்மா பொய்ன்னு கேப்பாங்க. ஒரு சுனையில ஆள் ஊத்தினார்ன்னா மத்த சுனைகளையும் நம்ப மாட்டாங்க. எல்லா இடத்துக்கும் உள்ள பட்டியல் நின்னு போகும். ஒண்ணுக்காகப் பத்தைக் கெடுக்கணுமா?" என்றார். இன்னொன்றும் சொன்னார். "அவர் ஊத்தினதாலதான் அதுங்க அங்க வந்து பழகுச்சு. நிறுத்தினதும் கீழ இறங்கிருச்சு. இதையும் யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்க்கச் சொல்ல வேண்டியதே இல்லை. அதைத் தவிர வேறு எதை யோசித்தேன். அவர் ஊற்றியதால் பழகின, நான் நிறுத்தச் சொன்னதால் இறங்கின. அவருடைய முறைக்கு ஒரு குடம் தண்ணீரோடு பொறுப்பு முடிந்துவிடும். என் அறிவுக்கு ஒரு மிளாவும் ஒரு மனிதரின் இடுப்பும் வேண்டியிருந்தது. போனில் பெரிய சாரிடம் வாய்க்கு வந்தபடி பேசினேன். மாசக் கடைசியில் பட்டியல் போனது. என் சுனைக்கு நேரே நான் எழுதிய வரி அப்படியே இருந்தது, என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

வனத்துறை அனுமதிச் சீட்டு இருந்த கடைசி இரண்டு வாரத்தில் நானே இரண்டு முறை கேன் தூக்கினேன். முதல் முறை பாதித் தண்ணீர் வழியிலேயே கொட்டி, மீதியைக் கொண்டுபோய் ஊற்றினேன். பாறை உறிஞ்சியதுபோக உள்ளங்கை அளவுதான் நின்றது. இரண்டாவது முறை ஏற்றத்தில் முழங்கால் மடங்கிவிட்டது. கேன் உருண்டு பள்ளத்தில் போனது. பள்ளத்தில் நீல மூடி தெரிந்தது, எடுக்க இறங்க முடியவில்லை. அண்ணன் அதை ஒரு கோடை முழுக்க, மறு கோடை பாதி, தினமும் தூக்கியிருக்கிறார். பிறகு காட்டுத்தீக் காலம் என்று மலைப்பாதையை எல்லோருக்குமே அடைத்துவிட்டார்கள்.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். அண்ணன் அன்றைக்கே சரியாகத்தான் கூப்பிட்டிருக்கிறார். அத்தாவுக்கு நிம்மதி. பிள்ளைகளுக்கு நீரின் சுழற்சி நடத்தும்போது மட்டும் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று நடத்துகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து ராஜபாளையம் போய் அண்ணனைப் பார்க்கிறேன். கட்டிலை வாசல் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். வாசலில் மலை தெரியும். எழுந்து கம்பை ஊன்றி வெளிக்கட்டு வரை நடக்கிறார், அதற்கு மேல் முடியாது. மதினி தோப்பில் மாங்காய் பொறுக்கப் போகிறாள். முதல் ஞாயிறு நான் போய் உட்கார்ந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"சுனையில தண்ணி கெடக்கா, டீச்சர்?"

பாதை அடைத்தது அவருக்குத் தெரியாது. தொட்டி இல்லை என்று ஆனதும் தெரியாது. கணக்கு சரியாக வந்துவிட்டதென்று நான்தானே சொன்னேன். அவர் கண்ணைப் பார்த்தேன். உண்மையைத் தவிர எதையும் எழுதக் கூடாது என்று மலையில் நின்று அந்த மனிதரைக் கிழித்தவள் நான்.

"கெடக்குண்ணே" என்றேன். "தொட்டி வந்திருச்சு. சுனைக்கும் அதுலேருந்து விடுதாங்க."

"எம்புட்டு?"

"நாலு வெரக்கட."

தலையை ஆட்டிக்கொண்டார். அன்று மதினி அவருக்குச் சோறு போட்டாள். தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அதைப் பார்த்துவிட்ட பிறகு அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் திரும்பி வரும்போது, இனிமேல் போகக் கூடாது என்று நினைப்பேன். சனிக்கிழமை ஆனால் பழம் வாங்கி வைத்துவிடுவேன்.

போன ஞாயிறு அவர் புதிதாக ஒன்று கேட்டார். "போட்டோ எடுக்கலையா, டீச்சர்? படம் இல்லாம அளவு எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவிய."

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வாய்தான் முந்திக்கொள்ளுமே. வெளிக்கட்டுக்குப் போய்ப் போனில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் அவர் எடுத்தவை. வெளிச்சம் நன்றாக இருந்த, தண்ணீர் நாலில் நின்ற ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளே வந்து கொடுத்தேன்.

போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார். பட்டையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பிறகு விரல் படத்தின் ஓரத்துக்குப் போய் நின்றுவிட்டது. நானும் அப்போதுதான் பார்த்தேன். பாறைக்குப் பின்னால் கால்வாசி தெரிந்தது நீல மூடி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுக்களையில் மதினி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வாசல் வழியாக மலையைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"நாலு இருக்கும்" என்றார்.

"ஆமாண்ணே."

போனைத் துண்டில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் எடுத்துட்டு வாங்க, டீச்சர்."